மூன்றரை வயதுப் பிள்ளைக்கு மூன்று அலர்ஜி சிரப்: சேர்த்துக் கொடுக்கலாமா?

கொடிமுல்லை (சேலம்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு மூன்றரை வயது, எடை 13 கிலோ. மழை தொடங்கியதிலிருந்து காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி ஒழுகல், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருக்கிறான், கண்ணுக்குக் கீழே கருவளையம் வேறு. காய்ச்சல் இல்லை, சாப்பாடு பரவாயில்லை. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு இது சளி இல்லை, அலர்ஜிதான் என்று சொல்லி, மான்டெலுகாஸ்ட்டும் லெவோசெட்டிரிசினும் சேர்ந்த சிரப்பை இரவில் 5 மி.லி. கொடுக்கச் சொன்னார். கொடுத்து வருகிறேன். இரவு நன்றாகத் தூங்குகிறான், ஆனால் காலைத் தும்மல் முழுதாக நிற்கவில்லை.

இதைப் பார்த்து என் கணவர் தெருமுனை மெடிக்கலில் சொல்லி ஒரு சளி சிரப் வாங்கி வந்திருக்கிறார். அட்டையில் குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின், பாரசிட்டமால் என்று போட்டிருக்கிறது. வீட்டில் பெரியவளுக்கு (8 வயது) வாங்கிய செட்டிரிசின் சிரப்பும் பாதி பாட்டில் இருக்கிறது, அதைக் காலையில் அரை மூடி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். வெள்ளிக்கிழமை ராத்திரி பேருந்தில் நாகர்கோவில் போகிறோம், போன முறை வழியெல்லாம் அழுதான், அதனால் அந்தச் சளி சிரப்பைக் கொடுத்தால் தூங்கியாவது வருவான் என்றும் வீட்டில் பேச்சு.

எதையும் இன்னும் கொடுக்கவில்லை. மூன்றும் வேறு வேறு மருந்துதானே, சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? மருத்துவர் திங்கள்கிழமைதான் வருவார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்தாளுநர்_திருச்சி

சகோதரி, கொடுக்காமல் கேட்டது நல்லது. மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று பல வருஷமாகப் பார்க்கிற விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூன்று பாட்டில், மூன்று பெயர், மூன்று நிறம். ஆனால் உள்ளே இருப்பது ஒரே வேலை செய்கிற மருந்து. செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், குளோர்பெனிரமின் மூன்றுமே ஆன்டிஹிஸ்டமின். அலர்ஜி வரும்போது உடம்பு ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகிறது, அரிப்பும் தும்மலும் ஒழுகலும் அதனால்தான். அது போய் ஒட்டுகிற இடத்தை இந்த மருந்துகள் அடைத்துக்கொள்கின்றன. ஒரு மருந்து சரியான அளவில் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்றைச் சேர்த்தால் பலன் பெரிதாகக் கூடாது, மயக்கமும் மற்றக் கெடுதல்களும்தான் கூடும்.

அதிலும் செட்டிரிசினும் லெவோசெட்டிரிசினும் வெறும் உறவுக்காரர்கள் இல்லை, கிட்டத்தட்ட ஒரே ஆள். செட்டிரிசின் மூலக்கூறு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்களின் கலவை. அதில் வேலை செய்கிற வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்ததுதான் லெவோசெட்டிரிசின். அதனால்தான் 5 மி.கி. செட்டிரிசின் செய்வதை 2.5 மி.கி. லெவோசெட்டிரிசின் செய்கிறது. நீங்கள் சொல்கிற மாதிரியான குழந்தைகள் சிரப்புகளில் வழக்கமாக 5 மி.லி.-க்கு மான்டெலுகாஸ்ட் 4 மி.கி.-யும் லெவோசெட்டிரிசின் 2.5 மி.கி.-யும் இருக்கும், உங்கள் பாட்டிலிலும் அப்படித்தானா என்று ஒருமுறை பாருங்கள். அப்படியென்றால் உங்கள் மகன் வயதுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஆன்டிஹிஸ்டமின் இரவு டோஸிலேயே முடிந்துவிட்டது. காலையில் அக்காவின் செட்டிரிசின் கொடுத்தால் அது அதே மருந்தை இன்னொரு முறை கொடுப்பது.

அடுத்து அந்தச் சளி சிரப். குளோர்பெனிரமின் பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின், மூளைக்குள் எளிதாகப் போகும், அதனால்தான் தூக்கம் வருகிறது. குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்குக் கொடுக்கிற ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. உங்கள் பாட்டிலில் அந்த எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள், எழுத்து மிகவும் பொடியாக இருக்கும், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். உங்கள் மகனுக்கு மூன்றரை வயது. அதோடு கதை முடிந்தது, அதைக் கொடுக்க வேண்டாம். பாரசிட்டமால் வேறு இருக்கிறது, காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு அது எதற்கு? நாளைக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் தனியாக ஒரு பாரசிட்டமால் சிரப் கொடுப்பீர்கள், அப்போது அதுவும் இரண்டு மடங்காகும், ஈரல் தாங்காது.

இப்படிக் கலவை சிரப்புகளை வாங்கிக் கொடுக்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் நடந்ததைவிட வேறு சாட்சி வேண்டாம். கோல்ட்ரிஃப் என்ற அந்த சிரப்பும் இதே மூன்று மருந்துகளின் கலவைதான், செய்யப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம் மாநில ஆய்வகம் பரிசோதித்தபோது அந்தத் தொகுப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாத பொருள். சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். அதில் பல பிள்ளைகளுக்கு முதலில் இருந்தது சாதாரணச் சளியும் காய்ச்சலும்தான். அதற்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குக் கீழே இருமல் சளி மருந்துகளை எழுதவே வேண்டாம், 5 வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. நச்சு கலந்தது உற்பத்தியில் நடந்த குற்றம், அதைப் பெற்றோர் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தேவையில்லாத சிரப் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

கடைசியாக மூடி விஷயம். மூடியில் கோடு கோடாகப் போட்டிருப்பதைச் சரியாகப் பாருங்கள். “அரை மூடி” என்பது ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒவ்வோர் அளவு. சமையலறை ஸ்பூன் அதைவிட மோசம், சிலது 3 மி.லி. பிடிக்கும், சிலது 7 பிடிக்கும். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் எந்த மெடிக்கலிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும், அதில் உறிஞ்சி, கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுங்கள். மருத்துவர் சொல்வது மி.கி.-யா மி.லி.-யா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்து பாட்டிலும் சிரப் பாட்டிலும் ஒன்றில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.-க்கு 100 மி.கி. இருக்கும், சாதாரண சிரப்பில் 5 மி.லி.-க்குத்தான் 120 மி.கி. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

செந்தில்_அப்பா

சார் சொன்னது எல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் சின்ன வயதில் தும்மினாலும் தடித்தாலும் அவில் மாத்திரையில் பாதியை உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிடுவார்கள். என் அப்பா இன்றைக்கும் பேரனுக்கு அதையே சொல்கிறார். மயக்கம் வருவது தெரியும், தூங்கினால் பிள்ளைக்கு ஓய்வுதானே? பயணத்துக்கு ஒரே ஒரு தடவை கொடுப்பதில் அப்படி என்ன ஆபத்து? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், வீட்டில் பெரியவர்களிடம் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

வார்டு_செவிலியர்

செந்தில் சார், நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

அவில், குளோர்பெனிரமின், புரோமெத்தசின், டைஃபென்ஹைட்ரமின் எல்லாமே பழைய தலைமுறை. இவை ஹிஸ்டமினோடு நிற்பதில்லை. வாய் வறளும், இதயத் துடிப்பு கூடும், சிறுநீர் கட்டிக்கொள்ளும், முகம் சிவக்கும், கண் பாப்பா விரியும், அளவு மிஞ்சினால் பிள்ளை இல்லாததைப் பார்த்துப் பிதற்றும், வலிப்பு வரும். ஏற்கெனவே வலிப்பு உள்ள பிள்ளைக்கு இன்னும் சுலபமாக வரும். சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதற்குப் பதிலாக நேர்மாறாக ஒரே படபடப்பு, அலறல், இரவு முழுவதும் துள்ளல். தூங்க வைக்கக் கொடுத்துவிட்டு, தூங்கவில்லையே என்று இரண்டாவது டோஸ் கொடுக்கிற இடத்தில்தான் விபரீதம் நடக்கிறது. புரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போய் இறந்த குழந்தைகள் உண்டு. அமெரிக்காவில் 2004-லேயே அதற்கு மிகக் கடுமையான கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டுவிட்டார்கள்.

அதோடு அந்தத் தூக்கம் நல்ல தூக்கமும் இல்லை. மருந்து மயக்கத்தில் இருக்கிற பிள்ளை பேருந்தில் கழுத்து மடங்கிக் கிடந்தாலும், வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாயில் போனாலும் எழுந்து அழாது. இருட்டுப் பேருந்தில் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், இந்தக் காரணம் அவர்களுக்குப் புரியும். தேன் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்த மருந்தோடும் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

புதிய தலைமுறை என்று சொல்கிற செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லொராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவை மூளைக்குள் குறைவாகப் போகும். செட்டிரிசினில் கொஞ்சம் தூக்கம் உண்டு, ஃபெக்ஸோஃபெனடினில் மிகக் குறைவு. ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரோடுதான் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லக் காரணம், கசக்கிறது என்று ஜூஸில் கலந்து கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் உண்டு.

கொடிமுல்லை அக்கா, உங்களுக்கு முக்கியமாக ஒன்று. உங்கள் சிரப்பில் மான்டெலுகாஸ்ட் இருக்கிறது, அது ஆன்டிஹிஸ்டமின் இல்லை, அலர்ஜிக்கும் வீசிங்குக்கும் கொடுக்கிற வேறு வகை மருந்து. நம் ஊரில் அதை மிகச் சாதாரணமாக எழுதுகிறார்கள், பலருக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. ஆனால் சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, தூக்கத்தில் எழுந்து அலறுவது, திடீர் கோபம், கடிப்பது அடிப்பது, காரணமில்லாத அழுகை, வளர்ந்த பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில் இதற்கும் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது, வெறும் மூக்கு அலர்ஜிக்கு மற்ற மருந்துகள் போதாதபோது மட்டுமே இதைக் கொடுக்கச் சொன்னது. பயப்பட வேண்டாம், நன்றாகத் தூங்குகிறான் என்கிறீர்களே, நல்ல அறிகுறிதான். குணத்தில் மாற்றம் தெரிந்தால் “இந்த வயதில் அடம் பிடிப்பான்” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவனுக்கு வீசிங் இருந்து அதற்காகவும் சேர்த்து எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காலைத் தும்மலுக்கு இப்போதே செய்யக்கூடியது உப்புத் தண்ணீர்ச் சொட்டு. மெடிக்கலில் குழந்தைகளுக்கான சலைன் மூக்குச் சொட்டு என்று கேளுங்கள், அதில் மருந்து எதுவும் இல்லை, காலையிலும் படுக்கப்போகும் முன்னும் விடலாம். ஆனால் அடைப்பைச் சட்டென்று திறக்கிற ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் பக்கத்து அலமாரியிலேயே இருக்கும், பாட்டிலும் அதே மாதிரிதான் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் அதை விடக் கூடாது, சொன்னாலும் சில நாள்தான். தொடர்ந்து விட்டால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது இல்லாமல் மூச்சே விட முடியாத மாதிரி ஆகிவிடும்.

மாமியார் எண்ணெய் பற்றிப் பேசினாரா தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மூக்கில் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவாகி வருகிற கைக்குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் ஏறும், குழந்தை நக்கி விழுங்கிவிட்டால் வலிப்பு வரும். பெரியவர்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள், அதனால் சண்டை போடாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

முந்திரி_அலர்ஜி_அம்மா (மதுரை)

இந்த இழையில் இதையும் யாராவது சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன். மூக்கு அலர்ஜி வேறு, என் மகளுக்கு இருப்பது வேறு. அவளுக்கு முந்திரி ஆகாது. ஒரு கல்யாண வீட்டில் கேசரி சாப்பிட்ட சில நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, அப்புறம் வாந்தி, இருமல், குரல் மாறிவிட்டது. சுற்றி இருந்த எல்லோரும் ஒரே குரலில் செட்டிரிசின் கொடுங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றார்கள். என் அண்ணன் மட்டும் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்தார். மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். அதுதான் அவளை மீட்டது.

அன்றைக்கு அந்த மருத்துவர் எங்களை உட்காரவைத்து விளக்கியதை அப்படியே சொல்கிறேன். தோலில் மட்டும் தடிப்பு, அரிப்பு, பிள்ளை நன்றாக விளையாடுகிறது என்றால் ஆன்டிஹிஸ்டமின் போதும். ஆனால் தடிப்போடு மூச்சுத்திணறல், வீசிங், தொண்டை அடைப்பு, குரல் மாற்றம், நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வெளிறிப்போய்த் துவண்டு விழுவது, இவற்றில் எது சேர்ந்தாலும் அது அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அப்போது செட்டிரிசின் உயிரைக் காப்பாற்றாது. அது வேலை செய்யத் தொடங்கவே அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும், தொண்டை வீக்கத்தையும் விழுகிற ரத்த அழுத்தத்தையும் அதனால் தூக்கி நிறுத்த முடியாது. அட்ரினலின் ஒன்றுதான் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மி.கி. கணக்கில். சிரப் கொடுத்துவிட்டு அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரும் நேரம்தான் பிள்ளையின் உயிரை எடுக்கிற நேரம்.

108-க்கு அழையுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள், மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரவிடுங்கள், நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். தேறிவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம், அதனால் உடனே வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. தானாகக் குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊரில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். எங்கள் மருத்துவர் ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக்கொடுத்து, எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று எனக்கும் கணவருக்கும் நேரில் செய்துகாட்டிப் பழக்கினார். பள்ளி ஆசிரியையிடமும் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சாப்பாட்டு அலர்ஜி, குளவிக்கடி அலர்ஜி உள்ள பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தயவுசெய்து இதைக் கேளுங்கள்.

கொடிமுல்லை (சேலம்)

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்தச் சளி சிரப்பில் நீங்கள் சொன்ன எச்சரிக்கை இருக்கிறது சார், அட்டையின் ஓரத்தில், ஆங்கிலத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில். என் கணவரிடம் காட்டினேன், அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். செவிலியர் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், பேருந்தில் மூச்சு விடுவது தெரியாது என்ற இடத்தில் அவர் முகமே மாறிவிட்டது. இனி அந்தப் பேச்சு இல்லை. பகல் ரயிலில் போவது என்று முடிவு.

இன்று மருத்துவரிடம் போனில் பேச முடிந்தது. சலைன் சொட்டு விடச் சொன்னார். இரவு சிரப்பைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்ததும் கூட்டிவரச் சொன்னார், தேவைப்பட்டால் மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரேவுக்கு மாற்றி மான்டெலுகாஸ்ட்டை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். ஸ்டீராய்டு என்றதும் எனக்குப் பகீர் என்றது. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஸ்டீராய்டா? அப்புறம் தோலில் அலர்ஜி பரிசோதனை செய்யலாம் என்றும் சொன்னார், அதற்கு ஏதாவது தயார் செய்ய வேண்டுமா?

வார்டு_செவிலியர்

அக்கா, மூக்கு ஸ்ப்ரேவையும் வாய்வழி ஸ்டீராய்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். ஃபுளுடிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்ப்ரேக்களில் அளவு மைக்ரோகிராமில்தான், மூக்கிலேயே வேலையை முடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. 2 வயதிலிருந்தே பயன்படுத்தக்கூடியவை இருக்கின்றன. விடாத மூக்கு அலர்ஜிக்கு ஆன்டிஹிஸ்டமினைவிட அதுதான் நன்றாகக் கேட்கும். நீண்ட நாள் போட்டால் மருத்துவர் உயரத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பார், அவ்வளவுதான். அடிக்கும்போது நுனியை மூக்கின் நடுச்சுவர் பக்கம் வைக்காமல் அதே பக்கக் கண் ஓரத்தை நோக்கிச் சாய்த்து அடியுங்கள், நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் வரும். ஒரு நாளில் பலன் தெரியாது, ஒன்றிரண்டு வாரம் விடாமல் போட வேண்டும்.

பயப்பட வேண்டிய ஸ்டீராய்டு வேறு. பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன். சில கடைகளில் சளிக்கும் அரிப்புக்கும் சீட்டில்லாமல் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதில் ஒரு சின்ன மாத்திரை இதுவாக இருக்கும். கொடுத்த அன்றைக்கே எல்லாம் நின்றுவிடும், அதனால்தான் மக்கள் அந்தக் கடையையே தேடிப் போகிறார்கள். அடிக்கடி கொடுத்தால் முகம் உப்பும், வளர்ச்சி குறையும், நோய் எதிர்ப்பு குறையும், பல நாள் கொடுத்துத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. மருத்துவர் தேவைக்கு எழுதி, நாள் கணக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு விஷயம், கடுமையான வீசிங்குக்கு அது அவசியம்.

வீட்டில் கொசுவர்த்தி, ஊதுபத்தி, குளித்ததும் சாம்பிராணி காட்டுவது, இதெல்லாம் இருந்தால் நிறுத்துங்கள். இலவம்பஞ்சுத் தலையணை பழையதாக இருந்தால் மாற்றுங்கள், படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் துவையுங்கள், தூசிப் பூச்சி சாதாரணத் தண்ணீருக்குச் சாகாது. காலையில் எழுந்ததும் தும்மல் என்றால் எனக்கு முதல் சந்தேகம் அந்தப் படுக்கை மேல்தான்.

செந்தில்_அப்பா

நன்றி மேடம். அப்பாவிடம் பேசிவிட்டேன், வீட்டிலிருந்த அவில் பட்டை பீரோவுக்குள் போய்விட்டது. தெரியாமல் ஒரு பிள்ளை சிரப்பை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் ஆரஞ்சு வாசனை சிரப் என்றால் பையன் மிட்டாய் என்றே நினைக்கிறான்.

மருந்தாளுநர்_திருச்சி

செந்தில் சார், முதலில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், பிதற்றல், வலிப்பு, மூச்சில் மாற்றம் இருந்தால் 108. பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். குடிப்பதற்கு அடம் பிடிக்கிறான் என்று மருந்தை மிட்டாய், ஜூஸ் என்று பெயர் சொல்லிக் கொடுக்கவே கூடாது. மருந்து என்றே சொல்லிக் கொடுங்கள், எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

கொடிமுல்லை சகோதரி, தோல் பரிசோதனைக்குப் போவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கையில் தடிக்க வேண்டியது தடிக்காமல் முடிவு தப்பாக வரும். எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதை மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். மான்டெலுகாஸ்ட் மட்டும் என்றால் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை, ஆனால் உங்கள் சிரப்பில் இரண்டும் சேர்ந்திருக்கிறது, அதைக் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வாரத்தில் சளி, இருமல் என்று வேறு எந்த சிரப் கொடுத்தாலும் அதில் ஆன்டிஹிஸ்டமின் ஒளிந்திருக்கலாம், அதனால் கொடுக்கிற எல்லாவற்றின் அட்டையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போகும்போது அவரிடம் காட்டலாம்.

பெரியவளின் அந்தப் பாதி செட்டிரிசின் பாட்டில் எப்போது திறந்தது என்று நினைவிருக்கிறதா? அட்டையில் போட்டிருக்கும் காலாவதித் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு. திறந்து பல மாதம் ஆகியிருந்தால், நிறம் மாறியிருந்தால், அடியில் படிந்திருந்தால், அவளுக்கும் கொடுக்க வேண்டாம். புதிதாகத் திறக்கிற பாட்டிலில் தேதியையும் எந்தப் பிள்ளைக்கு என்பதையும் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.